வீட்டுப் பேர் கேட்ட கம்ப்யூட்டர்

மொச்சை உரிச்சுக்கிட்டே எழுதுறேன். நாலு கொட்டைக்கு ஒரு வரி. என் தொழில் தப்புப் பண்றது. வண்டிப்பெரியார் பக்கத்துக் காலேஜில் கூட்டிப் பெருக்கப் போனவளை, பல்கலைக்கழகத்தோட புது அட்மிஷன் பக்கம் சனங்களுக்குப் புரியுதான்னு சோதிக்க உட்கார வச்சுட்டாங்க. ஆறாங்கிளாஸ் படிச்ச ஆளுதான் வேணுமாம். ஆன்லைன் ஃபாரத்துல முழிச்சவங்க எல்லாரும் என் சொந்தக்காரங்கதான், கேளுங்க. போன வருஷம் பழைய பக்கத்துல சிக்கி, என் தங்கச்சி செல்விக்கு ஒரு வருஷப் படிப்பே போச்சு. அதுக்காகவே நானும் சரின்னேன்.

வாய்விட்டுச் சொல்லு

நான் அதிகம் பேசமாட்டேன். சோதனையை நடத்துற ஸ்ரீஜா டீச்சர் நோட்டோட பக்கத்துல உட்கார்ந்து, மனசுல ஓடுறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும்னாங்க. திரையையே பார்த்துக்கிட்டிருந்தேன். மூணு தடவை கேட்டப்புறம், அடுப்பை அணைச்சேனான்னு யோசிக்கிறேன் டீச்சர்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. "பேடிக்கண்டா, பயப்படாதே, இந்தப் பக்கத்தைப் பார்த்தா எனக்கும் அடுப்பு நெனப்புதான் வருது."

பால் குடிச்ச நேரம்

பாதி நிரப்பும்போது, கூடத் தூக்கிட்டு வந்த என் கைப்புள்ளை அழுதான். பால் குடுத்துட்டு வந்து பார்த்தா, அடிச்சது ஒண்ணுமே இல்லை. மறுபடி பாஸ்வேர்டு கேக்குது. எதையோ உடைச்சுட்டேன்னு கையை எடுத்துட்டேன். பக்கத்தைச் செஞ்ச கம்ப்யூட்டர் சார், கொஞ்ச நேரம் தொடலைன்னா தானே வெளிய தள்ளிடும், அது பாதுகாப்புக்குன்னாரு. டீச்சர் திரும்பிப் பார்த்தாங்க. "ஏன் சாரே, பால் குடிக்கிற புள்ளைகிட்ட இருந்து யாருக்குப் பாதுகாப்பு?"

எட்டாம் நம்பர்

அடுத்த கட்டம் வீட்டுப் பேரு, மலையாளத்துக்காரங்க அவங்கவங்க வீட்டுக்கு வைக்கிற பேரு. செல்வி சிக்கினது இதுலதான். எப்படியாவது நிரப்பணுமேன்னு அப்பா பேரை அடிச்சுவிட்டா. ரேஷன் கார்டோட ஒத்துப்போகலைன்னு தள்ளிட்டாங்க.

எஸ்டேட் வரிசை வீட்டுல எங்களுது எட்டாம் நம்பர், அதனால நான் 'லயம் 8'னு அடிச்சேன். சிவப்பெழுத்து: எண் கூடாதாம். சும்மா விட்டேன், அதுக்கும் சிவப்பு. "எல்லா வீட்டுக்கும் ஒரு பேரு இருக்குமே சேச்சி"ன்னாரு சார். எங்கிருந்து வந்துச்சோ, எனக்கு வாய் வந்துருச்சு. "எஸ்டேட் வீட்டுக்கு நாங்க எப்படி சார் பேரு வைக்கிறது? வேலை முடிஞ்சா சாவியைக் குடுத்துட்டுப் போகணும்."

சார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. "மாத்திடுறேன் சேச்சி. மாறிச்சான்னு நிஜ ஃபாரத்துல நீங்களே பாருங்க."

இன்னைக்குத்தான் நிஜ ஃபாரம் திறந்திருக்கு. உள்ள செல்வி போனோட உட்கார்ந்திருக்கா. போய்ப் பார்க்கத் தைரியமில்லாமதான் இங்க மொச்சையோட நான். மொத்தத்துல, தப்புப் பண்ணியே பேர் வாங்கின எனக்கு இதுல புரிஞ்சது என்னன்னா,

"அக்கா! எட்டை வாங்கிக்கிச்சு! ஓடி வா, அடுத்ததுல என்னமோ கேக்குது!"

இருடி, எதையும் தொடாத, கையக் கழுவிட்டு