நைட் ஷிப்ட் வாரத்து வாய்ப்பாடு

நாலாம் வகுப்பிலும் மகள் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்று டீச்சர் சொன்ன மாலை, வாசலில் நின்றிருந்தேன். தனி அறை, மேசை, ட்யூஷன் எல்லாம் கொடுத்துமா இப்படி? தெருமுனையில் நைட் ஷிப்டுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு, ஃபேக்டரி மெஷின்களில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாசனை வந்துவிடும். ஓசூரில் எங்கள் லைன் வீட்டின் ஒரே அறையில், ஆணியில் தொங்கும் அப்பாவின் காக்கிச் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். நைட் ஷிப்ட் வாரங்களில் ஜன்னலை அட்டையால் அடைத்துவிட்டுப் பகலில் தூங்குவார். லீவு நாட்களில் நானும் அண்ணனும் அவர் காலடியில் உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கிசுகிசுப்போம்.

"ஏழெட்டு ஐம்பத்தி நாலு" என்பான் அண்ணன்.

"ஐம்பத்தாறுடா" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும். இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பா, எங்கள் வாய்ப்பாட்டைக் கேட்டுக் கேட்டே கற்றிருந்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

ஒருநாள் அம்மா, "அந்த மனுசன் செத்த நேரம் தூங்கட்டும்" என்று எங்களைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவிடம் அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பா கண் சிவக்க அங்கே வந்து நின்றார்.

"பசங்கள அனுப்புக்கா. சத்தமில்லாம தூக்கமே வரல."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெருமுனை பஸ் கிளம்பிப் போனதும் நான் உள்ளே போய் மகளின் அறைத் தரையில் தலையணை போட்டுப் படுத்தேன். "நீ கதைப் புத்தகத்த வாசி, நான் கேக்கறேன்."

திக்கித் திக்கித்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது பக்கத்தில் என் தோளை உலுக்கினாள்.

"கண்ண மூடாதம்மா. இப்பதான் சிங்கம் வரப்போவுது."