பெரியம்மா வீட்டுக் கரண்டு பில்

அண்ணன் சென்னையிலிருந்து போன் செய்தபோது நான் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, அம்மா வீட்டுக் கரண்டு பில்லைப் பார்த்தாயா என்று ஆரம்பித்தான். அண்ணன் என்றால் என் பெரியம்மாவின் ஒரே மகன். நேரில் நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவ்வளவு மரியாதை எனக்கு வரவில்லை, மன்னிக்கவும்.

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் ஊர் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். பில் மாதாமாதம் அண்ணன் போனுக்குப் போய்விடும், அவன் அங்கிருந்தே கட்டிவிடுவான். அம்மாவுக்குச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பில்லா, வயதாகிவிட்டது, போட்டதை அணைக்கக்கூடத் தெரியவில்லை, நாளைக்கு கேஸைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் யார் பொறுப்பு என்றான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "மூணு மாசம் பாக்கேன். கொறையலன்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். வீட்ட வித்துருவோம்."

பெரியம்மாவுக்கு அந்த வீட்டை விட்டுப் போவது சாவுக்குச் சமம் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை சென்னைக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, எட்டாவது மாடியில் கிளிக்கூண்டில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினாள். அவளை ஒரு பில்லைக் காட்டித் தூக்கிக்கொண்டு போகிறானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோடு மல்லுக்கு நின்றேன். எங்க வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு இவ்வளவுதான் வருது என்று அவன் ஒரு கணக்குச் சொன்னான். சென்னையில் முதல் நூறு யூனிட் இலவசம், பில்லும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இங்கே தீவில் மாதாமாதம் பில், இலவசம் என்ற பேச்சே கிடையாது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன், பத்து வருடத்தில் இதைக்கூட மறந்துவிட்டு என்னிடம் கணக்குப் பேசுகிறான். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அவன் அனுப்பிய பில்லைப் பார்த்தபோது எனக்கும் திக்கென்றது. நாங்கள் வீட்டில் நாலு பேர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுகிறது. எங்கள் பில்லை விடப் பெரியம்மா பில் கூடுதல். ஒரு ஃபேன், ரெண்டு லைட், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு டிவி. எப்படி?

அந்தச் சனிக்கிழமை சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி பிடித்து அக்கரையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவை உட்கார வைத்து, இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் இருந்த பில்லை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். யூனிட் என்றால் என்ன, அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு தின்னும், யூனிட் கூடக் கூட ரேட்டும் ஏன் கூடுகிறது, எல்லாம் சொன்னேன். நல்ல பிள்ளை மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். இடையில் ரெண்டு கேள்விகூடக் கேட்டாள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினேன். டிவியை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்றேன். பகலில் ஃபேன் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றேன். சொன்னதை எல்லாம் செய்தாள். சொல்லாததையும் செய்தாள். ஃப்ரிட்ஜையே அணைத்துப் போட்டு, அடுத்த வாரம் நான் போனபோது மீன் குழம்பு கெட்டு வீடே நாறியது. அவள் கழுத்து முழுக்க வேர்க்குரு. எங்கள் ஊர்ப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஃபேன் இல்லாமல் மத்தியானத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது. எழுபத்திரண்டு வயது மனுஷி விசிறி மட்டையை வைத்து வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பில் குறைந்தால்தானே வீடு நிற்கும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

மாதம் முடிந்து பில் வந்தது. அப்படியே இருந்தது. பத்து ரூபாய் குறையவில்லை.

நான் கத்திவிட்டேன். என்ன செய்கிறாய் நீ, யாருக்குத் தெரியாமல் என்ன ஓடுகிறது, உனக்காகத்தானே நான் வாரா வாரம் கடலைத் தாண்டி வந்து சாகிறேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். பெரியம்மா மீட்டர் பெட்டியைக் கையால் காட்டி, "நான் என்னத்தட்டி கண்டேன், அது பாட்டுக்கு ஓடுது" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

மீட்டர்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். லீவு போட்டு, சண்டைக்குத் தயாராகவே கரண்டு ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் சத்தத்தை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு யோசனை சொன்னார். வீட்டு மெயினை அணைத்துவிட்டு மீட்டரில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது கண்ணடிக்கக் கூடாது. அடித்தால் எங்கேயோ கரண்டு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் மேடம், என்றார்.

நேரே ஃபெர்ரி ஏறினேன். பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தாள். மெயினை அணைத்தேன். வீடே அமைதியானது. மீட்டருக்கு முன்னால் நின்று பார்த்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது.

மெயினுக்கு முன்னாலேயே, மீட்டர் பெட்டிக்கு அடியில், ஒரு கறுப்பு ஒயர் பிரிந்து போனது. சுவர் ஓரமாக, அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே போய், பாக்கு மரங்களில் கட்டுக்கம்பி வைத்துக் கட்டி, மரத்துக்கு மரம் தாவிப் பின்பக்கத்துத் தகர வீட்டுக்குள் நுழைந்தது. நான் அந்த ஒயரைப் பார்த்தபடியே நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே ஃப்ரிட்ஜ், டிவி, இரண்டு ஃபேன், கரண்டு அடுப்பு. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் ராஞ்சிப் பக்கத்திலிருந்து தீவுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவள், நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாய் குடிக்கிறீர்களா என்று ஹிந்தியில் கேட்டாள். என்ன துணிச்சல் என்று எனக்கு உச்சியில் ஏறியது. பெரியம்மா வேர்த்து வடியட்டும், இவள் ஓசிக் கரண்டில் பருப்பு வேகவைப்பாளாம்.

திரும்பி வந்தபோது பெரியம்மா தலையில் துண்டோடு நடுவீட்டில் நின்றிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று கேட்டேன். மூன்று வருடமாக என்றாள். அவர்கள் இருக்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை, அதனால் கனெக்‌ஷன் தரமாட்டார்கள். அக்கம்பக்கத்தில் கரண்டு இல்லாதவர்களுக்கு லைன் கொடுப்பது எங்கள் பக்கம் ஒன்றும் அதிசயம் இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள், வீடு கட்டும்போது நாலு மாதம் என்று கொடுப்பார்கள். மூன்று வருடம் யார் கொடுப்பார்கள்?

அதற்கு மேல் அவள் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அந்த வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்த மாதம் பில் எவ்வளவு கூடியது, கரண்டு அடுப்பு வந்த மாதம் எவ்வளவு என்று, மீட்டரைப் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்த கணக்கைக் கடகடவென்று ஒப்பித்தாள். யூனிட், ரேட் எல்லாம் அத்துப்படி. நான் வாத்தியார் மாதிரி விரலை ஆட்டிச் சொல்லிக் கொடுத்தபோது இவள் ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருந்திருக்கிறாள். வேண்டுமென்றே வேர்க்குருவை வரவழைத்துக்கொண்டு எனக்கு நாடகம் போட்டிருக்கிறாள்.

"ஏன் பெரியம்மா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ அறுத்துருவ."

பிறகு அவளே நிதானமாகச் சொன்னாள். "அவா டெய்லி இங்க வந்துதான் படுக்கா. காலையில எனக்கு முன்ன எந்திச்சு வாசத் தெளிக்கா. போன மழைக்கு வழுக்கி விழுந்தப்ப அவாதான் ஆட்டோ வச்சு, ஃபெர்ரி ஏத்தி, ஆஸ்பத்திரியில எங்கூட ரெண்டு நாள் கெடந்தா. ஒங்கிட்ட சொல்லல. துட்டுக் குடுத்தா வாங்கமாட்டா. கரண்டுன்னா வாங்கிக்கிடுதா."

இதைக் கேட்டபோதாவது நான் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். விழுந்ததை என்னிடம் சொல்லவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது. சட்டப்படி தப்பு, யாராவது எழுதிப் போட்டால் அபராதம் போட்டு உன் கனெக்‌ஷனையே பிடுங்கிவிடுவார்கள், அண்ணனுக்குத் தெரிந்தால் அடுத்த நாளே வீட்டை விற்றுவிடுவான் என்று அடுக்கினேன். எல்லாம் நியாயம்தான். ஒவ்வொன்றையும் இன்றைக்கும் நான் நியாயம் என்றுதான் சொல்வேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து என் கண் முன்னாலேயே அந்த ஒயரை மீட்டர் பெட்டியிலிருந்து கழற்றச் செய்தேன். பெரியம்மா தடுக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பின்வீட்டுப் பெண் சண்டைக்கு வருவாள் என்று இடுப்பில் கையை வைத்துக் காத்திருந்தேன். வரத்தான் செய்தாள். பாக்கு மரங்களிலிருந்து ஒயரை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வளையமாகச் சுற்றி, கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "மாஜியைத் திட்டாதீர்கள்" என்று ஹிந்தியில் சொன்னாள். எனக்கு அந்த நேரத்தில் அதுகூட நடிப்பாகத் தெரிந்தது.

அடுத்த பில்லில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அண்ணன் சந்தோஷத்தில் போன் செய்தான். பல்பை மாற்றியதால் இவ்வளவு குறையுமா என்று ஆச்சரியப்பட்டான். ஆமாம் என்றேன். அவனிடம் பொய் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இனி அம்மா இஷ்டப்படி அங்கேயே இருக்கட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமை அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன்.

அந்தப் பக்கம் போனதும் தகர வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரண்டு இல்லாமல் எத்தனை நாள் இருப்பது, போன ஞாயிற்றுக்கிழமைதான் சௌல்தாரியில் கொழுந்தன் வீட்டோடு போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். பெரியம்மா வீட்டு வாசல் கதவு தாழ் போடாமல் சாத்தியிருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்திருக்கவில்லை.

உள்ளே கட்டிலில் ஒரு பெட்டி திறந்திருந்தது. புடவைகளை மடித்து அடுக்கியிருந்தாள். மேலே பெரியப்பாவின் போட்டோவைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். என்ன இது என்றேன். அண்ணனிடம் சொல்லிக் கப்பலுக்கு டிக்கெட் போடச் சொல் என்றாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பில் குறைந்துவிட்டது, அவனே சரி என்று சொல்லிவிட்டான், யாருக்காக இரண்டு மாதம் நாயாய் அலைந்தேன், இப்போது நீயே பெட்டி கட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஓடாமல் நின்றிருந்த ஃபேனைக் காட்டி, பார், இப்போது இருபத்திநாலு மணி நேரமும் போட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன்.

பெரியம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"போன சனிக்கெழம நீ வந்துட்டுப் போனதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு சத்தம் இல்லட்டி. ஆறு நாளு. இன்னைக்கு நீ வந்த. வந்ததும் நேர மீட்டர்கிட்டத்தான போன?"

ஆமாம். செருப்பைக் கழற்றியதும், அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல், முதலில் மீட்டர் எண்ணைத்தான் போனில் படம் எடுத்திருந்தேன்.