விரலுக்கடியில் துடித்த கட்டி

ஏலக்காட்டில் களை வெட்டுகையில் என் கணவரின் மேல்கையில் அரிவாள் பட்டது. ஆறிய தழும்பில் பிறகு அட்டையும் கடித்தது. சில வாரங்களில் அங்கே எலுமிச்சை அளவுக்குக் கட்டி எழும்பியது.

"அட்டை விட்ட கெட்ட ரத்தம்தான். கீறி விட்டா வெரசா வத்திரும்" என்று அவர் கத்தியைத் தணலில் காய்ச்சினார். தடுக்க அந்தக் கையைப் பிடித்தபோது கட்டி என் விரலுக்கடியில் துடித்தது. பயந்துபோய் அவரை மலையிறங்கிப் போடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தேன்.

அங்கே டாக்டர் எடுத்த எடுப்பில் கத்தியைத் தொடவேயில்லை. கட்டியில் விரல் வைத்துப் பார்த்தார். குழல் வைத்துக் கேட்டார். அக்குளுக்குக் கீழே அழுத்தியதும் கட்டி சுருங்கியது, விட்டதும் புடைத்தது. என்ன பொறுமை!

"இது ரத்தக் குழாய் வீக்கம்மா. கீறியிருந்தா மலையிலயே உசிரு போயிருக்கும்" என்றார். பிறகு ஆபரேஷன் செய்து அந்தக் குழாயைக் கட்டிக் கையையும் காப்பாற்றிக் கொடுத்தார்.

இப்போது எங்கள் பக்கம் யாருக்குக் கட்டி வந்தாலும், துடித்தாலும் துடிக்காவிட்டாலும், ஆளைப் போடிக்கு அனுப்புகிறேன். அந்த ஆள் திரும்பி வரும்வரை அவர் வீட்டுக் கத்தி என்னிடம் இருக்கும்.