பரிசலுக்குக் கூண்டு கட்டிய கதை

வெயிலில் காய்ந்த பரிசலின் அடியிலிருந்து கிளம்பும் தார் வாசனை இன்றைக்கும் மூக்கில் ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவேன். எழுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயதிருக்கும். ஏரியூர்ப் பக்கம், காவிரிக் கரையில் எங்கள் ஊர். அம்மா இல்லாத வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மாதம்மா அத்தைக்கு, அப்பாவின் ஒரே தங்கைக்கு, விடியும்போதே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பரிசலில் அக்கரை போய், அங்கிருந்து மேட்டூர் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் ஒரே வழி.

அப்பா கூண்டு வண்டியைப் பூட்டினார். முன்னும் பின்னும் சேலையைத் தொங்கவிட்டு, விரல்கூட வெளியே தெரியாமல் அத்தையைத் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பெண் துணைக்கு நான்தான். அங்கேதான் வந்தது வினை. பரிசலுக்கு மேலே கூரை ஏது? "நாலு பேரு கண்ணுல பட்டா நம்ம வூட்டு மானம் என்னாவறது?" என்றார் அப்பா. வண்டிக் கூண்டையே கழற்றிப் பரிசல்மேல் கட்டிவிடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான்.

கூண்டைக் கழற்ற வேண்டுமானால் அத்தை வண்டியை விட்டு இறங்க வேண்டுமே! இறக்கினார்கள். நிழலில்லாத மணலில், என் மடியில் தலையை வைத்துக் கிடந்தாள். துறைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மறைப்புக் கட்டுகிற மும்முரத்தில் அவள்மேல் ஒரு துண்டைப் போர்த்த எவருக்கும் தோன்றவில்லை.

கூண்டோ நீளம், பரிசலோ வட்டம். ஒரு பக்கம் உட்கார வைத்தால் மறுபக்கம் தூக்கிக்கொண்டது. விளிம்பு மூங்கிலில் வடக்கயிறு போட்டு இறுக்கினார்கள், அவிழ்த்தார்கள், குறுக்கே கழி கொடுத்து மறுபடி கட்டினார்கள். ஆளுக்கொரு யோசனை, தேர் ஜோடிக்கிற உற்சாகம். பரிசல்காரரும் "இதோ ஆச்சுங்க, இதோ ஆச்சுங்க" என்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஏத்துங்கண்ணா... யாரு பாத்தா என்ன?" என்று கெஞ்சினாள் அத்தை.

"செத்த பொறு கண்ணு" என்றார் அப்பா, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். அதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

நடு ஆற்றில் காற்று கூண்டைப் பிடித்துக்கொண்டது. பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்ற, பரிசல்காரர் அரிவாளால் கயிறுகளை வெட்டிக் கூண்டைத் தண்ணீரில் தள்ளினார். கடைசியில் திறந்த பரிசலில்தான் போனோம். அக்கரை மணலில் இறக்கும்போது அத்தைக்கு மூச்சில்லை. பிள்ளையும் அவள் வயிற்றோடு போயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே, "நல்லவேளை, அக்கரையில ஆளுங்க யாருமில்லீங்க" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கடைசிவரை நான் மன்னிக்கவில்லை.

இன்று அந்தத் துறையில் விசைப்படகு ஓடுகிறது. பள்ளிக்கூடப் பெண்கள் தலைமுடி பறக்க நின்றுகொண்டே போகிறார்கள். கூண்டு வண்டிகள் போயின, அன்று கயிறு இழுத்தவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அத்தைக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வீட்டுப் பெண்ணைப் போட்டோக்காரன் முன்னால் நிறுத்துவதில்லை என்பதும் எங்கள் மானத்தில் சேர்த்திதான். அவளைப் பார்த்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அந்த முகம் எனக்கும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.