பழங்கால கிரேக்க மாதிரி

ஒரே ஒரு காற்புள்ளியை வேண்டுமென்றே போடாமல் விட்டவன் நான். அந்தக் குற்றத்துக்கு எனக்குக் கிடைத்த தண்டனையை இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், அந்தச் சாமானும் வீட்டை விட்டுப் போய்விட்டது. அப்போது சிரிக்கவில்லை.

புடவையைப் படம் எடுத்துப் போனில் போட்டு விற்பது என் தொழில். நெய்வது எங்கள் தறியில், ஆரணியில். வாங்குகிறவர்களுக்கோ காஞ்சிபுரம் வேண்டும். பொய் சொல்ல எனக்குப் பயம், உண்மையைச் சொன்னால் சரக்கு நகராது. இரண்டுக்கும் நடுவில் என்னைக் காப்பாற்றி வந்த சொல் ‘மாதிரி’. ‘காஞ்சிபுரம் மாதிரி’ என்று போடுவேன். படிக்கிறவர் கண் முதல் சொல்லிலேயே குளிர்ந்துவிடும். சண்டைக்கு வந்தால் இரண்டாவது சொல்லைக் காட்டுவேன். அப்படியும் சில புடவைகள் திரும்பி வரும். வந்த பெட்டியைப் பார்த்து என் மனைவி, “வந்துட்டான்யா உங்க மாதிரி மாப்ள” என்பாள்.

இந்தத் திறமையைக் கேள்விப்பட்டுக் கலசப்பாக்கத்திலிருந்து பழைய பித்தளை வியாபாரி ஒருவர் சாக்கோடு வந்தார். சாக்குக்குள் ஒரு வெண்கலத் தலைக்கவசம். கன்னம் இரண்டையும் மூடி, மூக்குக்கு ஒரு பட்டை இறங்கி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. காதுக்கு ஓட்டையே இல்லை. விளிம்பு முழுக்க ஊசி நுழைகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள்.

“கிரேக்க நாட்டு ஐட்டம்ணா. பழசு சேக்குறவங்க இதுக்கு உயிர வுடுவாங்க. நீ படம் புடிச்சிப் போட்டுவுடு.”

“எவ்ளோ பழசு?”

“பழசு மாதிரி தெர்தில்ல?”

என் சொல்லை என்னிடமே விற்றுவிட்டுப் போனார்.

‘பழங்கால கிரேக்க மாதிரி வெண்கலத் தலைக்கவசம்’ என்று எழுதினேன். ‘பழங்கால’வுக்குப் பிறகு காற்புள்ளி வைத்தால் கவசம் பழையது. வைக்காவிட்டால் கிரேக்கர்கள் மட்டும்தான் பழையவர்கள். வைக்கவில்லை. என் அறிவை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

வியாழக்கிழமை எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. மனைவி முன்னறையில் கட்டில் போட்டு, துவைத்த விரிப்பெல்லாம் விரித்து வைத்திருந்தாள். தறிக்கூடத்துப் பலகையில் நான் வைத்திருந்த கவசத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“புள்ளத்தாச்சி வர்ற வூட்ல தலயில்லாத மூஞ்சி இன்னாத்துக்குங்க?”

“வெறும் சாமான்தானே.”

“சாமானா? பாத்துகினு கீது பாருங்க. அவ ஏற்கெனவே பயந்தவ. வியாழக்கெழமைக்குள்ள இது போயிடணும்.”

பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக அவள் எதிரிலேயே எடுத்து மாட்டிக்கொண்டேன். பகல் பன்னிரண்டு மணி. தெருச் சத்தம் பட்டென்று அறுந்தது. என் மூச்சு மட்டும் வெண்கலத்தில் மோதித் திரும்பியது. அவளைச் சிரிக்கவைக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன் போல நின்றேன். உள்ளே மூச்சு நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று முறை நிதானமாக வந்து போனது.

கழற்றப் பார்த்தால் என் மூக்கு விடவில்லை. இந்த மூக்கைப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே கேலி செய்திருக்கிறார்கள். மனைவி இழுத்த இழுப்பில் மூக்கு சிவந்து வெளியே வந்தது. மூச்சு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

அது திரும்புகிறது என்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். தெரு ஜன்னலைப் பார்க்க வைத்த கவசம், சாயங்காலம் முன்னறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகளுக்குக் கட்டில் போட்ட அறை.

“தறி அடிக்கிற அதிர்வுடி. பலக ஆடுது, அது நகருது” என்றேன். எனக்கே பிடித்துப்போன விளக்கம்.

அதற்கு அவள், “செவ்வாக்கெழமை அமாவாச” என்றாள்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டோம். அன்று காலையில் அவளே கவசத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, மூக்குப் பட்டைக்கு நேராகப் பலகையில் சாக்பீஸ் கோடு போட்டாள். தெருவே அடங்கிக் கிடந்தது. சோறு தின்றுவிட்டுப் போய்ப் பார்த்தோம். கோட்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, முன்னறை பக்கம் திரும்பியிருந்தது.

“லாரி எதுனா போயிருக்கும்” என்றேன்.

“எந்தத் தெருவுல?”

எங்கள் தெருவில் ஆட்டோ நுழைவதே பெரும்பாடு.

புதன்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் விளம்பரம் பார்த்து வந்தார். பழசு சேர்க்கிறவர். கையுறை போட்டு எடுத்துத் தடவி, துளைகளை எண்ணி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது.

“நீங்க எழுதினது புரியல சார். பழசா, மாதிரியா?”

இத்தனை வருடத் தொழிலில் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

“பழசுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இப்பவே எடுத்துனு போறேன்.”

மறுநாள் மகள் வருகிறாள். ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், வீடு சுத்தம். ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவைத் திறந்தேன். அதை வெளியே அனுப்பத் துடித்தவளே சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“பொய் எழுதி அனுப்பாதீங்க.”

“நீதானேடி போவணும்னே?”

“நெசத்தோட போவணும். பொய்யோட போனது எதுனா நம்ம வூட்டுக்குத் திரும்பி வராம இருந்திருக்குதா? இது வேற, புள்ள பொறந்த வூடு தேடி வரும்.”

திரும்பி வந்த புடவைப் பெட்டிகள் எல்லாம் கண்முன் வந்தன. ‘மாதிரி’ என்று எழுதினேன். அவர் தாளைப் படித்தார், கையுறையைக் கழற்றினார், ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பித்தளை வியாபாரிக்குப் போன் போட்டேன். வெளியூரில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மிச்சமிருந்தது என் தொழில் அறிவு மட்டும். தறிப் பாவில் மீந்த பட்டு இழைகளை முறுக்கி, விளிம்புத் துளைகளில் கோத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி பலகை ஆணிகளோடு இழுத்துக் கட்டினேன். நெசவுக்காரன் முடிச்சு, தானாக அவிழாது. மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தினேன்.

மகள் வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தவள், முன்னறையில் வெக்கை என்றாள். தறிக்கூடத்துக்குப் பின்னால் நான் புடவைப் பெட்டி அடுக்கும் அறை ஒன்று உண்டு. அங்கேதான் காற்று வருகிறது என்று பிடிவாதம் பிடித்து, நாங்கள் சாப்பிட உட்காருவதற்குள் பக்கத்து வீட்டுப் பையன்களை வைத்துக் கட்டிலை அங்கே மாற்றிக்கொண்டாள். சுவரோரமாக. எந்தச் சுவர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். மனைவி தறியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் இருந்தேன். பின்னறையிலிருந்து மகள் குரல் வந்தது.

“அப்பா, செவுத்துக்கு அந்தாண்ட யாரு மூச்சு வுடுறது?”

இரண்டு எட்டில் தறிக்கூடத்துக்குப் போனேன். யாருமில்லை. துண்டு கீழே விழுந்து கிடந்தது.

“நாந்தாம்மா” என்றேன். சொன்ன பிறகு நிரூபிக்க வேண்டாமா? சுவரோடு முகத்தை வைத்து, இரைப்பு வந்தவன் போலப் பலமாக மூச்சு விட்டேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்த வேஷம்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

“இப்ப ரெண்டு பேரு மூச்சு கேக்குதுப்பா.”

“எதிரொலி மாதிரி இருக்கும்மா.”

“மாதிரியா, அசலா?”

எனக்குப் பிறந்தவள், வேறு எப்படிக் கேட்பாள்? பலகையைப் பார்த்தேன். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. கவசம் அசையவில்லை. கட்டில் இருந்த பக்கம்தான் அதன் முகம், நானே கட்டிவைத்தது.