வானத்திலிருந்து பார்த்த கிணறு

போன புதன்கிழமை மத்தியானம், சிலமலையில் என் மைத்துனர் வேலுச்சாமியின் தோட்டத்தில், சிமெண்டுக் களத்தின் மேல் ஒரு பெரிய படத்தை விரித்துவைத்துக் குழந்தை மாதிரி தவழ்ந்துகொண்டிருந்தேன். இந்த வயசில் இது தேவையா? தேவைதான்… கேளுங்கள்.

வெளிநாட்டு நூலகம் ஒன்று, அந்தக் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. சும்மா தட்டிப் பார்த்தேன் — நம்ம ஊர் போடி வந்து நின்றது. நான் பிறப்பதற்கு முந்தைய போடி. மூன்று நாளாக எனக்குச் சோறு தண்ணி ஞாபகமில்லை. ஊர் மொத்தமும் உள்ளங்கை அளவு. நான் இன்றைக்குக் குடியிருக்கும் தெருவில் வரப்பும் பாத்தியும். போடிமெட்டு மலையில் கம்பளி போர்த்தினது மாதிரி மரங்கள். ஏலச்செடி ஒன்றுகூடத் தெரியவில்லை. அதுதான் மர நிழலில் ஒளிந்து வளர்கிற ஆளாச்சே.

அதில் சிலமலையும் இருந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் அவ்வளவு அவசரம்? வேலுச்சாமி தண்ணீருக்காக ஏற்கெனவே போட்ட இரண்டு போர்க் கிணறும் பொய்த்துவிட்டன. தென்னங்கன்றுகள் ஓலை காய்ந்து நிற்கின்றன. மறுநாள் காலையில் மூன்றாவது போர் போட வண்டி வருகிறது. அதிலும் புழுதிதான் பறந்தது என்றால் கன்றுகள் அவ்வளவுதான்.

அவர் மனைவி செல்லத்தாயிக்கு மட்டும் ஒரே பேச்சு.

“இந்த நெலத்துல கெணறு இருந்துச்சுண்ணே. களையெடுக்க வர்ற பெரியாளுக எல்லாம் சொல்றாக. நாங்க வாங்குறதுக்கு முந்தியே மூடிட்டாகளாம். எங்கன்னுதான் ஆருக்கும் தெரியல.”

“இவ சொல்ற கெணத்துல நான் விழாததுதான் பாக்கி மச்சான்” என்றார் வேலுச்சாமி.

படத்தைப் பார்த்தோம், பார்த்தோம்… ஒன்றும் பிடிபடவில்லை. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் அப்படியே வைத்திருந்தேன்.

“இது சிலமலைதானா மச்சான்? வேற எந்த ஊரையாச்சும் கொண்டாந்துட்டீகளா?”

டீ கொண்டுவந்த செல்லத்தாயி எட்டிப் பார்த்தாள். “என்னண்ணே, மலையப் பக்கவாட்டுல வச்சிருக்கீக?” என்று படத்தைத் திருப்பினாள். மலை மேலே போனது.

அவ்வளவுதான் — ஊர் கண் திறந்துவிட்டது. நாங்கள் தலை நிமிர்ந்தால் மலை, அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம் என்று வளர்ந்தவர்கள் இல்லையா?

“இந்தா பிள்ளையார் கோயிலு. இந்தா ஓடை திரும்புற எடம்…” அவள் விரல் நின்றது. ஒரு கறுப்புப் பொட்டு. சுற்றி வெள்ளை வளையம். வளையத்திலிருந்து ஒரு சின்ன வால் — கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகள் முன்னும் பின்னும் நடந்த தடம்.

தீக்குச்சியை வைத்து அளந்தோம். கோயிலிலிருந்து ஓடைத் திருப்பம் மூன்று குச்சி. அங்கிருந்து மலையைப் பார்த்தாற்போல் பொட்டு வரை ஒரு குச்சி. செல்லத்தாயி கோயிலிலிருந்து எண்ணி நடந்தாள். திருப்பம் வரை அறுநூறு தப்படி. அப்படியானால் மிச்சம் இருநூறு. மலையைப் பார்த்து நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னாலேயே.

“நூத்தித் தொண்ணூத்தெட்டு… தொண்ணூத்தொம்பது…”

நின்றாள். எங்கே? போன வருஷம் போட்ட அந்தக் களத்தில், என் படத்தின் ஓரத்தை மிதித்தபடி.

“களத்தத் தள்ளிப் போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“வெயில் படாதுன்னுதான சொன்ன? அடியில கெணறு இருக்குன்னா சொன்ன?”

வேலுச்சாமி களத்தைப் பார்த்தார். கன்றுகளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். “அண்ணே, நாளைக்கு போர் வண்டி வேணாம். தளம் ஒடைக்கிற மிஷின் கொண்டாங்க. வெரசா வாங்க.”

தளத்துக்குக் கீழே செம்மண். செம்மண்ணுக்குக் கீழே வட்டம் கட்டின கருங்கல். இன்று காலை செல்லத்தாயி போன் பண்ணினாள்.

“மண்ணு ஈரமா வருதுண்ணே. மம்பட்டியில ஒட்டுது.”

“மாப்ள எங்கம்மா?”

“கெணத்துக்குள்ள. சொன்னபடியே விழுந்துட்டாரு.”

எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது… வடக்கை மேலே வைத்த மனுஷனின் ஊரில் மலையே இருந்திருக்காது.