நொயெமியின் மூக்கும் பன்னிரண்டாம் கூடையும்

சிரோன் ஆறு குளிர்ந்த ஆறு. அது போய்ச் சேரும் கரோன் சற்று வெதுவெதுப்பானது. இரண்டும் கலக்கும் இடத்தில் அக்டோபர் விடியலில் எழும் மூடுபனி பிரான்சின் சோத்தேர்ன் மேடுகளை முழுதாக விழுங்கிவிடும். அந்தப் பனியில்தான் திராட்சையின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை படரும். வேறு ஊராக இருந்தால் தோட்டக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார். இங்கே அதற்காகவே ஆண்டு முழுதும் காத்திருக்கிறார்கள். சுருங்கி, மயிர் முளைத்து, தொடவே கூசும் அந்தப் பழத்திலிருந்துதான் பொன்னிற ஒயின் வருகிறது. ஒரு கொடிக்கு ஒரு குவளை தேறினால் நல்ல ஆண்டு.

நொயெமி தார்க்கே பிறந்தது 1908 மார்ச் 9. கத்தரிக்கோல் பிடித்தது பதினான்காம் வயதில். 1955 அவளுடைய முப்பத்து நான்காம் அறுவடை. நடுவில் ஓராண்டும் தவறவில்லை.

நல்ல பூஞ்சை பிடித்த கொத்துகளுக்கு நடுவே சில கொத்துகள் உள்ளே காடியாகப் புளித்துப் போயிருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அப்படி ஒரு கொத்து தொட்டிக்குள் விழுந்தாலும் பீப்பாய் முழுதும் கெடும். அதனால் பெண்கள் பறித்த ஒவ்வொரு கூடையும் நொயெமியின் மூக்கைத் தாண்டித்தான் தொட்டிக்குப் போகும். இருபத்தொரு ஆண்டாக இதுதான் அந்தத் தோட்டத்து வழக்கம்.

பூஞ்சை முற்றிய கொத்துகளை மட்டும் சுற்றுச் சுற்றாகப் பறிப்பார்கள். இரண்டாம் சுற்றுப் பறிப்பு அக்டோபர் 20, வியாழனன்று முடிந்தது. மறுநாள் அவளுக்குக் கடும் சளி. சனிக்கிழமை காபியில் மணமில்லை, சோப்பிலும் இல்லை. கணவரிடம்கூட அவள் சொல்லவில்லை. மூக்கு இல்லையென்றால் அந்த வரிசையில் தனக்கு என்ன இடம் என்ற பயம்.

26ஆம் தேதி பனி விலகிப் பழம் காய, மணி பதினொன்று நாற்பது ஆயிற்று. மூன்றாம் சுற்று தொடங்கியது. நொயெமி ஒவ்வொரு கூடையாகக் குனிந்து மோந்தாள், தலையாட்டினாள். ஒன்றும் தெரியவில்லை.

"என்னக்கா, கூடைக்குள்ள மூக்க விட்டுட்டுத் தூங்குறியா?" என்றாள் பக்கத்து வரிசை பெர்த்.

"நீ காய வெட்டாம பழத்த வெட்டு, போதும்."

பன்னிரண்டாம் கூடை பெர்த்துடையது. நொயெமி தலையாட்டிய பிறகுதான் அதிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஈக்கள் எழுந்தன. காடிக்கு வரும் ஈக்கள். பெர்த் கூடையைத் தொட்டி விளிம்புக்குத் தூக்கிவிட்டாள். நொயெமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்டாத."

"நீதானே தலையாட்டுன?"

"ஆட்டுனேன். எனக்கு வாசமே தெரியல. அஞ்சு நாளாச்சு."

கண்காணி லெயோன்ஸ் வந்து தொட்டிக்குள் பார்த்தார். பதினொரு கூடை, ஆறு பெண்களின் உழைப்பு.

"இதுக்குள்ள எத்தனை கெட்டது போயிருக்கு?"

"தெரியாதுங்க."

"அப்ப எல்லாத்தயும் கொட்டிற வேண்டியதுதான்."

"வேற யாராவது மோந்து பாக்கலாமே?" என்றாள் ஒருத்தி.

"நாம மோந்தா எல்லாமே தேன்தான்டி," என்றாள் பெர்த்.

நொயெமி பன்னிரண்டாம் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நாக்கில் வைத்தாள். சுருக்கென்று காடி குத்தியது. துப்பினாள். தொட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். குத்தவில்லை.

"மூக்குதான் போச்சு. நாக்கு இருக்குங்க. ஒரு படுதா விரிங்க."

லெயோன்ஸ் படுதாவை விரித்துத் தொட்டியை அதில் கொட்டச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஆயிற்று. கொத்துக்கு ஒரு பழம். தொட்டியில் கெட்டது மூன்றே மூன்று கொத்து. கடைசிக் கொத்தில் நொயெமி அப்படியே நின்றுவிட்டாள். முப்பத்து மூன்று அறுவடையிலும் அந்தப் பழம் அவளுக்கு மணமாகத்தான் இருந்தது. இப்போது மணமில்லை, வெறும் இனிப்பு, அதன் அடியில் கத்தி முனை போல ஒரு புளிப்பு. நகத்தளவு அழுகல் தோலுக்குள் ஓர் ஆறும் ஒரு பனியும் ஒரு கோடை முழுதும் அடங்கிக் கிடந்தன.

"என்னக்கா, அழுறியா?"

"சும்மா இரு. இது இவ்வளவு இனிப்புன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

"நாளைக்கும் நீதான் பாக்கணும்," என்றார் லெயோன்ஸ். "வாய் புண்ணாகாம பாத்துக்க."

மணம் நவம்பர் 9 அன்று திரும்பி வந்தது. ஆனாலும் ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு பழத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பதை அவள் விடவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்த 1973 வரை.